கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கும்?

காலை எட்டு மணிக்குக் கொழும்புத் துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பல் வந்து கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிவரவு நடைமுறை, இறங்குமிடத்து வரிசை, பஸ்ஸில் ஆள் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து துறைமுக வாசலைக் கடக்கும்போது ஒன்பதாகிவிடும். கண்டிக்கு 115 கிலோமீற்றர். நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை, மாவனெல்லை என்று ஒவ்வொரு ஊர் நெரிசலிலும் நின்று நின்று, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தால் பன்னிரண்டரை. தலதா மாளிகையில் பூசை மூன்று வேளை: அதிகாலை 5.30, காலை 9.30, மாலை 6.30. புத்தரின் பல் வைத்த பேழை இருக்கும் அறையின் கதவு திறப்பது அந்த வேளைகளில்தான். காலைப் பூசை முடிந்து கதவு சாத்தியாயிற்று. மாலைப் பூசைக்குக் காத்திருந்தால் கப்பல் போய்விடும். பகலுணவு, மூடிய கதவுக்கு முன்னால் ஒரு கும்பிடு, 147 ஏக்கர் பேராதனைப் பூங்காவில் அரை மணி நேரம். இரண்டே முக்காலுக்குள் திரும்பப் புறப்பட வேண்டும். ஏழு மணி நேரம் வீதியில், இரண்டேகால் மணி நேரம் கண்டியில்.

இதைத்தான் “கண்டி ஒரு நாள் சுற்றுலா” என்று விற்கிறார்கள். கண்டிக்கு வடக்கே ஏ-9 வீதியில், அக்குறணைக்கும் மாத்தளைக்கும் இடையில் இருக்கும் எங்கள் அலவத்துகொட அந்தப் பட்டியலில் வரவே வராது. அது பெரிய வருத்தமில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கட்டித் தீவைப் பார்க்க வந்தவர்கள் ஏ-1 வீதியின் லொறி முதுகுகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்பதுதான் வருத்தம்.

தீவு விடுமுறைக்குக் கப்பல் தேடுகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? நீச்சல் குளம் எத்தனை, அறைக்கு மாடம் உண்டா, இரவில் என்ன நிகழ்ச்சி, சாப்பாட்டுக்கு எத்தனை கூடம். விளம்பரத்தில் இவைதாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பயண நிரலின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இரண்டு நேரங்கள் இருக்கும்: வருகை, புறப்பாடு. முதலில் படிக்க வேண்டியது அந்த இரண்டையும்தான். கப்பலுக்குள்ளேயே விடுமுறையைக் கழிக்க விரும்புகிறவருக்கு எந்தக் கப்பலும் சரி. கரையிறங்கி ஊர் பார்க்க விரும்புகிறவர் கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் தேர்ந்தெடுப்பது துறைமுகத்தில் அது நிற்கும் நேரத்தை.

ஒரு காலத்தில் கப்பல்கள் கொழும்பில் நாள் கணக்கில் நின்றன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதுவரை காலியில் நின்று சென்ற தபால் கப்பல்களைக் கொழும்புக்கு இழுக்க ஓர் அலைதடுப்புச் சுவர் தேவைப்பட்டது. 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் அதற்கு அடிக்கல் வைத்தார். அதே பயணத்தில் கண்டிக்கு வந்து பேராதனைப் பூங்காவில் ஒரு மரமும் நட்டார். 1885இல் சுவர் முடிந்தபோது ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான கப்பல்களுக்குக் கொழும்பு தவிர்க்க முடியாத தரிப்பிடமாகிவிட்டது. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றியாக வேண்டும். மூட்டை மூட்டையாக ஆட்கள் சுமந்து ஏற்றும் வேலை அது. கரித்தூளில் கப்பலுக்குள் இருக்க முடியாது. பயணிகள் இறங்கி, துறைமுகத்துக்கு எதிரிலேயே இருந்த கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கி, கோட்டையில் ரயிலேறிக் கண்டிக்கு வந்தார்கள். கண்டிக்கு ரயில் 1867இலேயே வந்துவிட்டது, மாத்தளைக்கு 1880இல்.

1890 நவம்பரில் இப்படி வந்து இறங்கியவர்களில் ஒருவர் அன்டன் செக்கோவ். சகலின் தீவுக் கைதிகளைப் பார்த்துவிட்டுக் கடல் வழியாக ரஷ்யா திரும்பும் பயணம். சில நாட்கள் தங்கினார், கண்டிக்கு ரயிலில் வந்து போனார், கீரிப்பிள்ளை வாங்கிக்கொண்டு கப்பலேறினார். ‘கூசெவ்’ என்ற கடற்பயணக் கதையை அவர் எழுதத் தொடங்கியதும் இலங்கையில்தான். துறைமுகத்தில் பத்து மணி நேரம் மட்டுமே நிற்கும் இன்றைய கப்பலில் வந்திருந்தால் அவர் கண்டியையே எட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

இன்றைய கப்பலுக்கு நிலக்கரி வேண்டாம். நின்றால் துறைமுகக் கட்டணம். ஓடினால்தான் கப்பலுக்குள் கடைகளும் சூதாட்டக் கூடமும் திறந்திருக்கும். ஆகவே பெரும்பாலான கப்பல்கள் காலையில் வந்து மாலையில் போகின்றன. விதிவிலக்காக, இரவு தங்கி மறுநாள் புறப்படும் கப்பல்களும் கொழும்புக்கு வருகின்றன. கண்டி பார்க்க ஆசைப்படுகிறவருக்கு என் முதல் யோசனை இதுதான்: நிரலில் கொழும்பில் ஓர் இரவு இருக்கிற கப்பலையே எடுங்கள். அது சிறிய, பழைய கப்பலாக இருந்தாலும் பரவாயில்லை. அப்போது கண்டியிலேயே இரவு தங்கி, மாலைப் பூசையும் கண்டு, விடியற்காலைக் குளிரில் குளக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு இறங்கலாம்.

இரவு தங்காத கப்பல்தான் கிடைத்தது என்றால் நகருக்குள் வராதீர்கள். இதைக் கண்டி மாவட்டத்துக்காரர் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். பிலிமத்தலாவையோடு நிறுத்தித் தெற்கே திரும்பினால் கடலாதெனிய, லங்காதிலக என்ற இரண்டு விகாரைகள். இரண்டும் 14ஆம் நூற்றாண்டு, கம்பளை அரசர் காலத்தவை. கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி, தென்னிந்தியர். அந்தக் கல் தூண்களையும் விமானத்தையும் பார்க்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது. லங்காதிலகவின் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. இரு மொழியும் ஒரே பாறையில் அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாக இருக்கின்றன. கண்டி நகர நெரிசலில் தொலையும் ஒரு மணி நேரத்தை இங்கே செலவிட்டால் மனம் நிறையும்.

எந்தத் துறைமுகம் என்பது அடுத்த கேள்வி. கொழும்பு, காலி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இந்தச் சிறு தீவைச் சுற்றிக் கப்பல் நிற்க இடங்கள் பல. ஆனால் வீதிக் கணக்கில் ஒவ்வொன்றும் வேறு நாடு. 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் சேவையைத் தொடங்கி, அமெரிக்கக் கடலில் ஓடி, 2020க்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த கப்பல் அது. சென்னையிலிருந்து அது தொட்டவை அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. அந்த மூன்றையும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கண்ணோடு பாருங்கள். அம்பாந்தோட்டையிலிருந்து கதிர்காமம் ஒரு மணி நேரத் தூரம். திருகோணமலையில் கோணேசர் மலை துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே. காங்கேசன்துறையிலிருந்து கீரிமலை நகுலேசுவரம் கூப்பிடு தூரம், நல்லூர் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பத்து மணி நேரம் தரும் கப்பல்கூட இந்த மூன்று இடங்களில் தாராளமாகப் போதும். கப்பல் நிறுவனம் யோசித்துச் செய்ததோ இல்லையோ, கரையிறங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாதை அமைவது கடினம். கண்டியை இந்தப் பயணத்தில் சேர்க்க முயல்வதுதான் தவறு. அம்பாந்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போய்வர ஒரு பகல் போதாது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். கொழும்புக்கு உல்லாசக் கப்பல்கள் அதிகம் வருவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக் கரை இதற்கு நேர்மாறு. கண்டி எசல பெரஹரா ஜூலை, ஆகஸ்டில் வருவதால், கொழும்பு வழியாகக் கப்பலில் வந்து பெரஹரா பார்ப்பது அநேகமாக நடவாத காரியம். அதற்கு விமானம்தான். நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் மலையகத்து மழையை இலேசாக எண்ண வேண்டாம். 2025 நவம்பரில் கடுகண்ணாவைப் பகுதி மண்சரிவில் கொழும்பு–கண்டி வீதியே மூடப்பட்டது. அந்த மாத இறுதியில் டித்வா புயல் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைச் சிதைத்துப் போட்டது. ஏராளமானவர்களைப் பறிகொடுத்தோம். பயணம் புறப்படும் வாரத்தில் வீதியும் ரயில் பாதையும் திறந்திருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுப் புறப்படுவது உங்கள் பாதுகாப்புக்காக.

இனி, எங்கள் வீதிக்கு வருகிறேன். திருகோணமலையில் இறங்குகிறவர்களைப் பெரும்பாலும் சிகிரியாவுக்கு அழைத்துப் போகிறார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், வீதி நல்லது, நெரிசல் இல்லை. ஒரு நாளில் ஏறி இறங்கித் திரும்பலாம். அங்கேயிருந்து தம்புள்ளைக்குச் சிறு தூரம். தம்புள்ளையிலிருந்து தெற்கே வருவதுதான் ஏ-9. நாலந்தா, அலுவிகாரை, மாத்தளை, பலகடுவை, அலவத்துகொட, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கண்டி. இந்த வீதியில் கப்பல் பயணிகள் வருவதில்லை என்பதே என் ஆதங்கம்.

ஏனென்றால் மலையகத் தமிழரின் முன்னோர் கடல் கடந்து வந்து நடந்த வழி இது. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். கோப்பித் தோட்டங்கள் இருந்தது மலையில். இடையில் தண்ணீரில்லாத காடு. கங்காணியின் பின்னால், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகத் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் அங்கிருந்து மேலே தோட்டங்களுக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு வைக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. காட்டைக் கடந்து முதலில் கண்ட பெரிய ஊர் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோவில் எழுந்ததில் வியப்பில்லை. 1983 ஜூலையில் அந்தக் கோவில் எரிக்கப்பட்டது, மீண்டும் கட்டினார்கள். இன்று அதன் இராஜகோபுரம் 108 அடி உயரத்தில் ஏ-9 வீதியிலிருந்தே தெரிகிறது. மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும். பெப்ரவரி, மார்ச்சில் கப்பலில் வருகிறவர்கள் அந்த நாளைக் கணக்குப் பார்த்து நிரல் தேர்ந்தெடுத்தால் கோடி புண்ணியம்.

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஒரு கற்கோவில் இருக்கிறது. கெடிகே என்பார்கள். பல்லவர் பாணிக் கட்டடம், உள்ளே பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அதைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு அது உடனே அடையாளம் தெரியும். அலுவிகாரைக் குகைகளில்தான் பாளி திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டு.

பிறகு எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள். ஒரே காணியில் பலா, சாதிக்காய், கராம்பு, கமுகு, கிளிசரியா மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி, நிழலில் கொக்கோ, கோப்பி. கராம்பு பறிக்கும் காலத்தில் முற்றமெல்லாம் பாய் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். வீதியில் போகும் பஸ்ஸுக்குள் வாசம் வரும். தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்கள மக்களும் அக்கம்பக்கமாக வாழும் இடம். இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மாறாகச் சுற்றுலா வண்டிகள் நிற்பது வீதியோரத்து “வாசனைத் திரவியத் தோட்டங்களில்”. அங்கே அரை ஏக்கரில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர்ப்பலகை, இறுதியில் எண்ணெய்ப் போத்தல்கள் நிறைந்த கடை. அழைத்து வருகிறவருக்குத் தரகு உண்டு. அந்தத் தரகு போத்தலின் விலையில் ஏறியிருக்கும். மிளகும் கராம்பும் வேண்டுமானால் மாத்தளை, அக்குறணைக் கடைத்தெருக்களில் நிறுத்து வாங்குங்கள். உள்ளூர் விலையில், உள்ளூர்க்காரர் கைக்குப் பணம் சேரும்.

திருகோணமலையிலிருந்து அலவத்துகொடவரை வந்து அன்றே திரும்ப முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே கப்பல் இந்தத் தீவில் இரண்டு துறைமுகங்களைத் தொடுமானால், ஒன்றில் இறங்கித் தரைவழியாகப் பயணம் செய்து, இடையில் ஓர் இரவு தங்கி, மற்றதில் ஏறலாம். உலகின் பல கடல்களில் கப்பல் நிறுவனங்கள் இப்படிச் சுற்றுலா நடத்துகின்றன. திருகோணமலையில் இறங்கி, ஏ-9 வழியே கண்டியில் தங்கி, கொழும்பில் ஏறுவது எவ்வளவு அருமையான பாதை! இதற்குக் கப்பலின் முன் அனுமதியும் குடிவரவு ஒப்புதலும் கட்டாயம். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் நடக்காது.

தனியாக வான் பிடித்துப் போவதா, கப்பலே நடத்தும் சுற்றுலாவில் சேர்வதா என்ற கேள்விக்கு என் பதில் தூரத்தைப் பொறுத்தது. கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களே அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்கள். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. 2024 மார்ச்சில் ஆபிரிக்காவின் சாவோ டோமே தீவில் ‘நோர்வீஜியன் டோன்’ கப்பலின் பயணிகள் எட்டுப் பேர் தனியார் சுற்றுலா சென்று தாமதமாகத் திரும்பினார்கள். கரையோரக் காவல் படகு அவர்களைக் கப்பலருகே கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. நாடு விட்டு நாடு துரத்திப் போய்ச் செனகலில்தான் பிடித்தார்கள். கோணேசர் கோவிலுக்கும் கீரிமலைக்கும் ஆட்டோவே போதும், துணிந்து தனியாகப் போங்கள். கண்டிக்கும் சிகிரியாவுக்கும் அந்தத் துணிச்சல் வேண்டாம். எப்படிப் போனாலும் கடவுச்சீட்டின் பிரதியும் கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணும் சட்டைப்பையில் இருக்கட்டும். கப்பலின் கடிகாரம் கரையின் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலைப் பற்றியும் சில வார்த்தை. பெரிய கப்பல் என்றால் நல்ல கப்பல் என்ற எண்ணம் கரையிறங்குகிறவருக்குப் பொருந்தாது. 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ 7,600 பயணிகள்வரை ஏற்றும். அத்தனை பேரும் ஒரே காலையில் இறங்கினால் ஊர் எதைத் தாங்கும்? கப்பல் துறையில் கட்டாமல் வெளியே நங்கூரமிட்டால் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகுக்கான காத்திருப்பும் உங்கள் பத்து மணி நேரத்திலிருந்துதான் போகிறது. கட்டுமா, நங்கூரமிடுமா என்று முன்பே கேளுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. பகலெல்லாம் கரையில் இருக்கப் போகிறவருக்கு மாடம் வைத்த அறை வீண் செலவு. விளம்பர விலையில் துறைமுகக் கட்டணமும் வரியும் ஊழியர் வெகுமதியும் அடங்கியிருக்கின்றனவா என்பதைப் படித்துப் பாருங்கள்.

கண்டிப் பக்கத்திலிருந்து கப்பலேற விரும்பும் குடும்பங்களும் இப்போது பெருகிவிட்டன. அக்குறணை வியாபாரக் குடும்பங்கள் சிங்கப்பூர் போய் ஏறும் ‘கென்டிங் ட்ரீம்’ கப்பல் ஹலால் உணவுக்குச் சான்றிதழ் பெற்றது. இந்தியச் சைவ உணவும் அதில் கிடைக்கும். உல்லாசம் வேண்டாம், கடல் கடந்தால் போதும் என்பவர்களுக்குக் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் இருக்கிறது. 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து, தலைமன்னாருக்கு ஓடிய ரயில்–கப்பல் பாதை அறுந்தபோது இழந்ததில் ஒரு பகுதியாவது திரும்பி வந்திருக்கிறது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துப் போக வேண்டும்.

கொழும்பிலிருக்கும் பயண முகவர்களிடமும் சுற்றுலாத் துறையினரிடமும் எங்கள் வீதிக்காரர்கள் சார்பில் கேட்கிறேன். நாலந்தா, மாத்தளை, அலவத்துகொட வழியாக ஓர் இரவுத் தரைப் பயணத்தை வகுத்து, தீவில் இரண்டு துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு முன்வையுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அறை இருக்கிறது, சமையல் இருக்கிறது, வழிகாட்டத் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயணிகளாக வரும் வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம், கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைவென்றால் கண்டிப் பக்கமே வராதீர்கள். நீர்கொழும்போ கொழும்போ பாருங்கள். இரவு தங்கும் கப்பலில் இன்னொரு முறை வாருங்கள்.